கண்மாய்ப் பறவைகளைப் பற்றி எழுதினால் விருது உண்டா?

மூன்று வருடமாக உங்கள் ஊர்க் கண்மாய்க்கு வரும் பறவைகளைப் பற்றி நோட்டில் எழுதி வைத்திருப்பதாகவும், அதைப் புத்தகமாகப் போடச் சொல்லி நண்பர்கள் வற்புறுத்துவதாகவும் எழுதியிருந்தீர்கள். இயற்கை, சூழல் பாதுகாப்பு பற்றிய எழுத்துக்கென்று தனியாக இலக்கிய விருதுகள் இருக்கின்றனவா, இருந்தால் எதைப் பார்த்துக் கொடுக்கிறார்கள் என்பது உங்கள் கேள்வி. கூடவே நோட்டிலிருந்து நான்கு பக்கங்களைப் படம் எடுத்து அனுப்பியிருந்தீர்கள். அந்தப் பக்கங்களுக்குக் கடைசியில் வருகிறேன்.

விருதுகள் இருக்கின்றன. சில நூறு வயதை நெருங்கியவை, சில நேற்று முளைத்தவை. பெயர்களை மட்டும் அடுக்கிக் கொடுத்தால் உங்களுக்குப் பயன் இல்லை. ஒரு காட்டையோ பறவையையோ பற்றிய புத்தகம் கையில் வந்தால் நடுவர் எதைப் பார்ப்பார்? எழுதியது உண்மையா என்றா, எழுதிய விதம் அழகா என்றா, எழுதியதால் அந்த இடத்துக்கு நன்மை உண்டா என்றா? மூன்றும் ஒன்றாக வாய்க்கும் புத்தகம் அபூர்வம். வாய்க்காதபோது எந்தக் காலை முன்னே வைப்பது என்பதில்தான் ஒவ்வொரு விருதின் குணமும் தெரிகிறது.

உண்மையை முதலில் வைக்கும் விருது, அமெரிக்காவின் ஜான் பரோஸ் பதக்கம். பரோஸ் நியூயார்க் மாநிலத்துக் கேட்ஸ்கில் மலைப்பக்கம் பிறந்து வளர்ந்தவர். அந்தக் காலத்தில் அமெரிக்கப் பள்ளிப் பிள்ளைகள்கூடப் பாடத்தில் படித்த கட்டுரையாளர். 1921-இல் அவர் இறந்தார், அதே ஆண்டு அவர் பெயரில் ஒரு சங்கம் தொடங்கினார்கள், 1926-இல் முதல் பதக்கம் வில்லியம் பீப் என்ற விலங்கியலாளருக்குப் போனது. அறிவியல் பிசகக் கூடாது, எழுதியவர் களத்தில் நின்று தானே பார்த்திருக்க வேண்டும், அது நல்ல உரைநடையாகவும் இருக்க வேண்டும். இந்த மூன்றும்தான் அளவுகோல்.

இவ்வளவு கறார் ஏன் என்பதற்குப் பின்னால் ஒரு சண்டை இருக்கிறது. 1903-இல் 'அட்லாண்டிக் மன்த்லி' பத்திரிகையில் பரோஸ் ஒரு கட்டுரை எழுதினார். விலங்குகளைப் பற்றி அப்போது சக்கைப்போடு போட்டுக்கொண்டிருந்த கதை எழுத்தாளர்களைப் பெயர் சொல்லிக் கிழித்தார். வில்லியம் ஜே. லாங் என்பவர், காலொடிந்த ஒரு பறவை களிமண்ணையும் புல் நார்களையும் குழைத்துத் தன் காலுக்குத் தானே மாவுக்கட்டுப் போட்டுக்கொண்டது என்று அதே ஆண்டில் எழுதினார். எர்னஸ்ட் தாம்ப்சன் சீட்டன் கதையில் ஒரு நரி, துரத்தும் நாய்களுக்கு மோப்பம் பிடிபடாமல் இருக்க, ஓர் ஆட்டின் முதுகில் ஏறிச் சவாரி போகிறது. கதை என்று சொல்லிவிட்டு எழுதினால் யாருக்கும் வழக்கில்லை. இவர்களோ எல்லாம் நேரில் பார்த்தது, நடந்தது என்றார்கள். அதுதான் பரோஸுக்குக் கடுப்பு. 1907-இல் அதிபர் தியோடர் ரூஸ்வெல்ட்டே இந்தச் சண்டையில் இறங்கி 'இயற்கைப் புளுகர்கள்' என்ற பொருளில் ஒரு பட்டப்பெயரைச் சூட்டினார். நாட்டின் அதிபர் ஒருவர், காலொடிந்த பறவை மாவுக்கட்டுப் போட்டதா இல்லையா என்று பத்திரிகையில் வாதாடிய காலம் அது. பொறாமையாக இருக்கிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்த திருப்பம்: 1927-இல் பரோஸ் பெயரிலான பதக்கத்தை இரண்டாவதாகப் பெற்றவர் யார் தெரியுமா? அதே சீட்டன். அடி வாங்கியவர் அடுத்து உட்கார்ந்து, வட அமெரிக்க விலங்குகளைப் பற்றி ஆதாரத்தோடு பெரிய பெரிய தொகுதிகளாக எழுதினார். அதற்குத்தான் பதக்கம். திட்டியவரின் பெயர் பொறித்த பதக்கத்தைத் திட்டு வாங்கியவர் கையில் பிடித்திருக்கும் காட்சியை நினைத்துப் பாருங்கள். ஒருவிதத்தில் இரண்டு பேருக்கும் வெற்றிதான்.

இந்தப் பட்டியலில் நீங்கள் அறிந்திருக்கக்கூடிய பெயர்கள் உண்டு. 1952-இல் ரேச்சல் கார்சன், 'தி சீ அரௌண்ட் அஸ்' புத்தகத்துக்காக. நம்மில் பலருக்கு அவரைப் பூச்சிமருந்துக்கு எதிராக 1962-இல் வந்த 'சைலன்ட் ஸ்பிரிங்' மூலம்தான் தெரியும். விருது ஒருவர் வாழ்க்கையில் நிஜமாக என்ன செய்யும் என்பதற்கு அவருடைய கடல் புத்தகம்தான் நல்ல உதாரணம். அவர் அரசின் மீன், வனவுயிர்த் துறையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். 1941-இல் வந்த அவருடைய முதல் புத்தகம், பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்குச் சற்று முன்னால் கடைக்கு வந்து, போர்ச் செய்தியில் மூழ்கிக் காணாமல் போனது. இரண்டாவதுதான் 'தி சீ அரௌண்ட் அஸ்'. 86 வாரங்கள் நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் இருந்தது. பரோஸ் பதக்கம் மட்டுமல்ல, அபுனைவுக்கான தேசியப் புத்தக விருதும் அதற்கே கிடைத்தது. அந்த வெளிச்சத்தில், பத்து வருடத்துக்கு முன் மூழ்கிய முதல் புத்தகத்தைத் திரும்ப அச்சிட்டார்கள், அதுவும் பிய்த்துக்கொண்டு விற்றது. 1952-இல் வேலையை விட்டுவிட்டு முழுநேரம் எழுத உட்கார்ந்தார். அந்தச் சுதந்திரம் இல்லாமல் 'சைலன்ட் ஸ்பிரிங்' வந்திருக்குமா என்பது சந்தேகம்தான். ரசாயனக் கம்பெனிகளோடு மோதும் புத்தகத்தை அரசுச் சம்பளத்தில் இருந்துகொண்டு எழுதுவது லேசான காரியமா?

தேசிய விருதை வாங்கும்போது அவர் பேசியதில் ஒரு கருத்து உண்டு. என் கடல் புத்தகத்தில் கவிதை இருந்தால் அதை நான் வேண்டுமென்று வைக்கவில்லை, கடலைப் பற்றி உண்மையாக எழுதுகிற யாராலும் கவிதையை விட்டுவிட்டு எழுத முடியாது என்கிற பொருளில் சொன்னார். உண்மையா அழகா என்று நான் மேலே பிரித்ததை அவர் ஒரே வாக்கியத்தில் சேர்த்துவிட்டார். எல்லோருக்கும் அது கைகூடுவதில்லை என்பதுதான் சிக்கல்.

அமெரிக்கக் காட்டுயிர் அறிஞர் ஆல்டோ லியோபோல்டுக்கு 1977-இல் இதே பதக்கம் கிடைத்தது. அவர் இறந்தது 1948-இல். பக்கத்து நிலத்தில் பற்றிய புல்தீயை அணைக்கப் போன இடத்தில் மாரடைப்பு. 'எ சேண்ட் கவுண்டி அல்மனாக்' என்ற அவருடைய புத்தகத்தை அச்சிடப் பதிப்பகம் ஒப்புக்கொண்ட தகவல் வந்து ஒரு வாரம்தான் ஆகியிருந்தது. புத்தகம் 1949-இல் வந்தது, பதக்கம் அதற்கும் 28 ஆண்டுகள் கழித்து. இப்படித் தாமதமாகக் கண் திறப்பதும் விருதுகளின் வழக்கம்தான்.

2005-இல் ராபின் வால் கிம்மரர் பெற்றது பாசிகளைப் பற்றிய புத்தகத்துக்கு. பாசி என்றால் குளத்துப் பாசி அல்ல, மழைக்காலத்தில் கிணற்றுச் சுவரில் பச்சை வெல்வெட் மாதிரிப் படருமே, அது. ஒரு பல்கலைக்கழகப் பதிப்பகம் போட்ட சின்னப் புத்தகம். அவர் தாவரவியல் பேராசிரியர், பொடவாடமி பழங்குடியைச் சேர்ந்தவர். அவருடைய அடுத்த புத்தகமான 'பிரெய்டிங் ஸ்வீட்கிராஸ்' 2013-இல் வந்து, ஏழு வருடம் வாய்வழியாகவே பரவி, 2020-இல் போய்த்தான் பெரிய விற்பனைப் பட்டியலில் ஏறியது. உலகம் பின்னால் கொண்டாடிய ஒருவரைப் பாசி எழுதும்போதே அடையாளம் கண்டது என்ற பெருமை பரோஸ் பதக்கத்துக்கு உண்டு. நடுவர் குழுவின் தரத்தை நான் அளப்பது இந்த மாதிரி விஷயத்தை வைத்துத்தான். எல்லோரும் கொண்டாடியதற்கு மாலை போட நடுவர் எதற்கு?

சரி, உண்மையை வைத்து அளக்கும் இந்தத் தராசில் ஏறாத ஒரு பெரும் புத்தகத்தைச் சொல்கிறேன். இங்கிலாந்தின் எசெக்ஸ் பகுதியில் ஜே. ஏ. பேக்கர் என்று ஒருவர் இருந்தார். ஆட்டோமொபைல் சங்கத்தின் கிளை அலுவலகத்தில் வேலை. ஆனால் கார் ஓட்டத் தெரியாது, எங்கே போனாலும் சைக்கிள்தான். சுமார் பத்துக் குளிர்காலங்கள் பொரி வல்லூறுகளின் பின்னாலேயே சுற்றி, அத்தனையையும் ஒரே குளிர்காலத்து நாட்குறிப்பு மாதிரி இறுக்கி, 1967-இல் 'தி பெரெக்ரின்' எழுதினார். அதற்கு டஃப் கூப்பர் பரிசு கிடைத்தது. அது இயற்கை எழுத்துக்கான பரிசே அல்ல, வரலாறும் வாழ்க்கை வரலாறும் அதிகம் வாங்கிய பொது இலக்கியப் பரிசு. பறவை நோக்கர்களில் ஒரு சாரார், இவர் சொல்கிற அளவுக்கு அந்தப் பகுதியில் வல்லூறுகளே கிடையாதே, சில நடத்தைகள் வேறு பறவையுடையது மாதிரி இருக்கிறதே என்று அன்றிலிருந்து முணுமுணுக்கிறார்கள். பரோஸ் உயிரோடு இருந்திருந்தால் பேனாவை எடுத்திருப்பார் என்றே நினைக்கிறேன். ஆனால் அந்த உரைநடையைப் படித்தவர் யாரும் அதற்கு முன் எழுதியது மாதிரி பிறகு எழுதவில்லை. எனக்கு இதில் கட்சி இருக்கிறது. பத்து வருடத்தை ஒரு வருடமாக்குவதை நான் மன்னிப்பேன், பார்க்காததைப் பார்த்ததாக எழுதினால் மன்னிக்க மாட்டேன். பேக்கர் எந்தப் பக்கம் நிற்கிறார் என்று பறவை நோக்கர்களுக்குள் இன்னும் சண்டை தீரவில்லை.

இங்கிலாந்தில் இப்போது இதற்கென்றே இருப்பது வெயின்ரைட் பரிசு. 2014-இல் தொடங்கியது. ஆல்ஃபிரட் வெயின்ரைட் கெண்டல் என்ற சிற்றூரின் நகராட்சிப் பொருளாளர். ஓய்வு நேரத்தில் லேக் டிஸ்ட்ரிக்ட் மலைகளில் ஏறி இறங்கி, 214 குன்றுகளுக்கும் கையாலேயே படம் வரைந்து, கையெழுத்திலேயே ஏழு வழிகாட்டி நூல்கள் எழுதினார். அச்சு எழுத்தே கிடையாது, அவர் கையெழுத்தையே அப்படியே அச்சிட்டார்கள். 1955-இல் முதல் தொகுதி, 1966-இல் கடைசித் தொகுதி. கணக்குப்பிள்ளையின் ஒழுங்கு அந்தப் பக்கங்களில் அப்படியே தெரியும்.

பரிசுக்கு முதலில் பணம் கொடுத்தது, அவர் பெயரிலேயே பீர் விற்கும் ஒரு மதுபான நிறுவனம். சில வருடங்கள் பரிசின் பெயரிலேயே பீரும் இருந்தது. பிறகு கெண்டல் பக்கத்திலேயே இருக்கும் ஜேம்ஸ் கிராப்பர் என்ற காகித நிறுவனம் வந்தது. மரத்தைக் காப்பாற்றச் சொல்லும் புத்தகத்துக்குக் காகித ஆலை பரிசு கொடுப்பதில் உங்களுக்குச் சிரிப்பு வந்தால் எனக்கும் வந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இலக்கியப் பரிசு எங்கேயும் யாரோ ஒருவருடைய காசில்தான் நடக்கிறது. சோழன் கொடுத்த பொற்காசில் உழவனின் வரி இல்லையா என்ன.

இந்தப் பரிசில் கவனிக்க வேண்டிய வருடம் 2020. அதுவரை ஒரே பரிசு. 2019-இல் பூமிக்கு அடியில் இருக்கும் குகைகள், சுரங்கங்கள் பற்றிய ராபர்ட் மெக்ஃபார்லேனின் 'அண்டர்லேண்ட்' வாங்கியது. 2020-இல் அதை இரண்டாகப் பிரித்தார்கள். இயற்கை எழுத்துக்கு ஒன்று, உலகளாவிய சூழல் பாதுகாப்பு எழுத்துக்கு ஒன்று. பிறகு குழந்தைகள் நூலுக்கும் தனியாக ஒன்று வந்தது.

ஏன் பிரிக்க வேண்டி வந்தது? அந்த வருடம் ஜெயித்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் புரியும். இயற்கை எழுத்துக்கான பரிசு டாரா மெக்அனல்டி என்ற வட அயர்லாந்துப் பையனுக்கு. அப்போது அவனுக்கு வயது 16. ஆட்டிசம் உள்ளவன். நான்கு பருவங்களாகப் பிரித்து ஒரு வருட நாட்குறிப்பு. பள்ளியில் அடி, கேலி, வீடு மாறும் துக்கம், நடுவில் ஒரு கரும்பறவையின் பாட்டு, ஒரு பருந்து. சிறு பதிப்பகம் போட்டது. இன்னொரு பரிசு பெனடிக்ட் மெக்டொனால்டின் 'ரீபேர்டிங்' நூலுக்கு. பிரிட்டனில் பறவைகள் ஏன் அழிந்தன, நிலத்தை யார் எதற்கு வைத்திருக்கிறார்கள், எதைச் செய்தால் திரும்ப வரும் என்று புள்ளிவிவரத்தோடு வாதம் செய்கிற புத்தகம். ஒன்றைப் படித்தால் தொண்டை அடைக்கும், மற்றொன்றைப் படித்தால் எம்.பி.க்கு மனு எழுதத் தோன்றும். இரண்டையும் ஒரே தராசில் வைத்து எது கனம் என்று கேட்டால் நடுவர் பாவம் என்ன செய்வார்?

ஆனாலும் இந்தப் பிரிவினையில் எனக்கு முழு மனது இல்லை. பாதுகாப்பு பற்றிய எழுத்து என்றால் அழகாக இருக்கத் தேவையில்லை, இயற்கை எழுத்து என்றால் யார் காட்டை வெட்டினார் என்று கேட்கத் தேவையில்லை என்று ஒரு சோம்பேறித்தனம் உள்ளே நுழைந்துவிடும். கார்சனை இந்த இரண்டு பெட்டியில் எதில் போடுவீர்கள்?

நாவலுக்கும் இப்போது கதவு திறந்திருக்கிறது. காலநிலை மாற்றம் பற்றிய புனைவுக்கென்றே ஒரு பரிசு 2025-இல் முதன்முதலாக நைஜீரிய எழுத்தாளர் அபி டாரேக்குக் கொடுக்கப்பட்டது. நெதர்லாந்தின் எராஸ்மஸ் பரிசு 2024-இல் அமிதவ் கோஷுக்குப் போனதும் காலநிலை பற்றிய அவருடைய எழுத்துக்காகத்தான். சுந்தரவனத்து அலையாத்திக் காடும் ஐராவதி ஓங்கிலும் வரும் அவருடைய நாவல் 2004-இலேயே வந்துவிட்டது. இருபது வருடம் முன்னால் அதைச் சூழல் இலக்கியம் என்று யாரும் அலமாரி பிரிக்கவில்லை, அவ்வளவுதான்.

இனி நம் பக்கம். இந்திய மொழிகளில் இந்த எழுத்து முன்வாசல் வழியாக வந்ததைவிடப் பின்வாசல், கொல்லை, ஜன்னல் வழியாக விருதுக்குள் நுழைந்ததுதான் அதிகம். அதில் எனக்குப் பிரியமான கதை சென்னையில் நடந்தது. பி. ஜி. எல். சுவாமி மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பேராசிரியர், பிறகு அதன் முதல்வர். தாவர உள்ளமைப்பியலில் உலகம் அறிந்த ஆய்வாளர். வீட்டு மொழி கன்னடம், கன்னட அறிஞர் டி. வி. குண்டப்பாவின் மகன். மாணவர்களைக் கூட்டிக்கொண்டு மேற்குத் தொடர்ச்சி மலைக்குச் செடி சேகரிக்கப் போன பயணங்களை அவர் கன்னடத்தில் எழுதினார். 'ஹசுரு ஹொன்னு', நம் மொழியில் பச்சைப் பொன். செடியின் குடும்பப் பெயர், காய்க்கும் காலம், அதோடு மாணவர்களின் அரட்டை, பேராசிரியரின் குறும்பு எல்லாம் ஒன்றாகக் கலந்தது. படங்களும் அவர் கையால் வரைந்தவை. 1978-இல் கன்னடத்துக்கான சாகித்ய அகாதெமி விருது அதற்கு. நாவல் இல்லை, கவிதை இல்லை, ஒரு தாவரவியல் சுற்றுலாப் புத்தகம்! அந்த வருடத்து நடுவர்களைத் தேடிப் பிடித்துக் கும்பிட வேண்டும். அப்பாவும் அகாதெமி விருது பெற்றவர் என்பது உபரித் தகவல். தமிழ் மாணவர்களுக்குப் பாடம் நடத்திக்கொண்டிருந்த ஒருவரின் புத்தகத்தை, தமிழ் வாசகர்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறோம் என்று யோசித்தால் கொஞ்சம் வெட்கமாக இருக்கிறது.

மராத்தியில் மாருதி சித்தம்பள்ளி. சோலாப்பூர்க்காரர், கோயம்புத்தூர் வனக் கல்லூரியில் பயிற்சி பெற்றவர், 36 ஆண்டுகள் வனத்துறையில் இருந்தவர். காட்டில் ஆதிவாசிகளிடம் கேட்டுக் கேட்டுப் பறவை, மரப் பெயர்களைச் சேர்த்து மராத்திக்குக் கொடுத்தார். 2006-இல் அகில பாரத மராத்தி சாகித்ய சம்மேளனத்துக்குத் தலைவராக அவரை உட்கார வைத்தார்கள். மராத்தியில் அது விருதைவிடப் பெரிய நாற்காலி. 2025-இல் பத்மஸ்ரீ, அதே ஆண்டு ஜூனில் மறைந்தார். ஒரு ரேஞ்சர் இலக்கிய மாநாட்டுக்குத் தலைமை தாங்குவதை நம் ஊரில் கற்பனை செய்து பாருங்கள்.

தமிழில் மா. கிருஷ்ணனிடமிருந்து தொடங்க வேண்டும். நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். கல்கத்தாவிலிருந்து வரும் 'ஸ்டேட்ஸ்மன்' ஆங்கில நாளிதழில் 1950 முதல் 1996-இல் இறக்கும்வரை 46 ஆண்டுகள் இயற்கை பற்றிய பத்தி எழுதினார். அணில், காக்கை, தெரு ஆடு, யானை எதுவும் விலக்கில்லை. தமிழிலும் எழுதினார். பத்மஸ்ரீ கிடைத்தது. ஆனால் இலக்கிய விருது என்ற பேச்சு வரும் இடத்தில் அவர் பெயரை யாரும் சொல்லிக் கேட்டதில்லை. சென்னையின் மெட்ராஸ் நேச்சுரலிஸ்ட்ஸ் சொசைட்டி அவர் நினைவாக இயற்கை எழுத்துக்கு ஒரு விருது ஏற்படுத்தியது. இந்தப் பேச்சில் அவர் பெயர் வருவது அந்த வழியில்தான்.

அவருடைய தமிழ்க் கட்டுரைகளைத் தேடித் தொகுத்தவர் சு. தியடோர் பாஸ்கரன். அஞ்சல் துறையில் உயர் பதவி வகித்து ஓய்வு பெற்றவர். வனவிலங்கு என்று சொல்லிக்கொண்டிருந்த நம்மைக் காட்டுயிர் என்று சொல்ல வைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. விலங்கு என்றால் செடியும் பூச்சியும் வெளியே நின்றுவிடுமே என்பது அதன் நியாயம். 2013-க்கான இயல் விருதைக் கனடா தமிழ் இலக்கியத் தோட்டம் அவருக்குக் கொடுத்தது. அவர் திரைப்பட வரலாற்று ஆய்வாளரும்கூட என்பதால் அதை முழுக்க இயற்கை எழுத்தின் கணக்கில் வரவு வைக்க முடியாது. இருந்தாலும் தமிழில் காட்டுயிர் பற்றி எழுதியவரை ஒரு இலக்கிய அமைப்பு எழுத்தாளர் என்று வாழ்நாள் சாதனைக்கு மதித்தது பெரிய விஷயம்.

சாகித்ய அகாதெமியின் தமிழ்ப் பட்டியலில் உங்களுக்கு மிக நெருக்கமானது சோ. தர்மனின் 'சூல்', 2019. கோவில்பட்டிப் பக்கம் உருளைக்குடி கண்மாய்தான் அதில் கதாநாயகன். கரையில் பனை விதைப்பது, மடை திறப்பது, மராமத்து, கரம்பை மண் அள்ளுவது என்று கண்மாயை ஒரு ஊர் எப்படி வைத்துக்கொண்டது, பிறகு எப்படிக் கைவிட்டது என்பதே கதை. 2003-இல் வைரமுத்துவின் 'கள்ளிக்காட்டு இதிகாசம்' வாங்கியதும் வைகை அணையில் மூழ்கிய ஊர்களின் கதைக்குத்தான். இரண்டுக்கும் விருது நாவல் என்ற பெயரில் வந்தது, நீர்நிலையைப் பற்றியது என்ற பெயரில் அல்ல. அபுனைவாக இதே விஷயத்தை எழுதியிருந்தால் கிடைத்திருக்குமா? எனக்கு நம்பிக்கை இல்லை.

உங்களுக்கு நேரடியாகப் பொருந்துவது தமிழ் வளர்ச்சித் துறையின் சிறந்த நூல்களுக்கான பரிசு. பல வகைப்பாடுகள் உண்டு, அதில் சுற்றுப்புறவியல் தனி வகைப்பாடு. நூலாசிரியருக்கும் பதிப்பகத்துக்கும் சேர்த்தே பரிசு. எந்த ஆண்டு வெளிவந்ததோ அந்த ஆண்டுக்கான அறிவிப்பு வரும்போது விண்ணப்பிக்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு பிரதிகளைத் தேடி ஓடாதீர்கள், முதலிலேயே பத்துப் பிரதி தனியாக எடுத்து வையுங்கள். பரோஸ், வெயின்ரைட் இரண்டும் ஆங்கிலப் புத்தகங்களுக்கானவை, நீங்கள் அந்தப் பக்கம் போக வேண்டியதில்லை. வகைப்பாட்டில் ஒரு சின்ன எச்சரிக்கை: சுற்றுப்புறவியல் என்ற பெட்டியில் மாசுக் கட்டுப்பாட்டுப் பாடநூலும் வரும், மரம் வளர்ப்புக் கையேடும் வரும், உங்கள் பறவை நோட்டும் வரும். அங்கே யாரும் உங்கள் வாக்கியத்தை ரசித்துப் படிப்பார்கள் என்று எதிர்பார்த்துப் போகாதீர்கள்.

நானும் ஒரு தரம் நடுவராக உட்கார்ந்திருக்கிறேன். கல்லூரி மாணவர்களுக்கான ஒரு சின்னக் கட்டுரைப் போட்டி, தலைப்பு நம் ஊர் நீர்நிலை. அறுபதுக்கு மேல் வந்தன. பாதிக்கு மேல் 'நீரின்றி அமையாது உலகு' என்று தொடங்கின. வள்ளுவர் மேல் எனக்குக் குறை இல்லை, ஆனால் முப்பதாவது தடவை அதே வரியைப் படிக்கும்போது கண் எழுத்தைத் தாண்டி ஓடுகிறது. எல்லாக் கட்டுரையும் பிளாஸ்டிக்கைத் திட்டியது, எல்லாக் கட்டுரையும் நாளைய தலைமுறைக்குக் கவலைப்பட்டது. ஒரு குளத்தின் பெயர்கூட வராத கட்டுரைகள் இருபதாவது இருக்கும்.

நடுவில் ஒரு பெண் எழுதியது, ஒன்றரைப் பக்கம், எழுத்துப்பிழை நிறைய. நடவு முடிந்த வயல் வரப்பில் நத்தைக் கூடுகள் குவிந்து கிடப்பதைப் பார்த்து, யார் தின்றது என்று இரண்டு நாள் காலையில் போய் உட்கார்ந்திருக்கிறாள். நத்தைகுத்தி நாரை. அவள் ஊரில் நத்தகொத்தி. அலகை மூடினாலும் நடுவில் பாக்குவெட்டி மாதிரி இடைவெளி தெரிகிறது, ஆனால் கூட்டத்தில் ஒன்றிரண்டுக்கு அந்த இடைவெளியே இல்லை, அது வேறு சாதியோ என்று எழுதியிருந்தாள். வேறு சாதி இல்லை, இளம் பறவைகள். அந்த இடைவெளி வளர வளரத்தான் விழும். அவளுக்கு அது தெரியாது, புத்தகம் பார்க்கவும் இல்லை, ஆனால் கண்ணில் பட்டதைப் பட்டபடி எழுதிவிட்டாள். முடிவு மட்டும் தப்பு, பார்த்தது அச்சு அசல் உண்மை. பரோஸ் சங்கத்தார் கேட்பது இதைத்தான்.

நான் அதற்கு முதல் பரிசு என்றேன். உடனிருந்த இரண்டு பேர் ஒப்பவில்லை. சமூகக் கருத்து இல்லை, முடிவுரை இல்லை என்றார்கள். ஒரு மணி நேரம் வாதாடி மூன்றாம் பரிசு வாங்கிக் கொடுத்தேன். முதல் பரிசு எதற்குப் போனது என்று எனக்கு இப்போது நினைவில்லை. வேறு ஊரில் வேறு நடுவர் இருந்திருந்தால் கதை மாறியிருக்கும் என்பதையும் சொல்ல வேண்டும். கார்சனுக்குக் கிடைத்ததும் மூன்று நான்கு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து எடுத்த முடிவுதானே.

இப்போது உங்கள் நான்கு பக்கங்கள். முதல் பக்கம் முழுக்க நீர்நிலைகளின் முக்கியத்துவம். அதைக் கிழித்துவிடுங்கள், மன்னிக்கவும். இரண்டாவதும் மூன்றாவதும் நன்றாக இருக்கின்றன. மடைப்பக்கம் பட்டுப்போன கருவேல மரத்தில் நீர்க்காகங்கள் இறக்கையை விரித்துக் காய வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதையும், கீழே துணி துவைப்பவர்கள் எச்சம் விழாத இடமாகப் பார்த்துக் கல்லை நகர்த்திக்கொள்வதையும் எழுதியிருக்கிறீர்களே, அந்த மாதிரி இன்னும் வேண்டும். மீன் குத்தகை ஏலம் எடுத்தவர் பறவைகளை விரட்ட வெடி போட்டதை ஒரே வரியில் தாண்டிவிட்டீர்கள். அதில் நின்று எழுதுங்கள். அவர் தரப்பையும் கேட்டு எழுதுங்கள், அவருக்கும் நஷ்டக் கணக்கு இருக்கும்.

பறவைப் பெயர்களில் ஊர்ப்பெயரை முதலில் போட்டு, நூல் பெயரை முதல் தடவை மட்டும் சேர்த்துச் சொன்னால் போதும். நீங்கள் சில இடத்தில் ஊர்ப்பெயரை அடித்துவிட்டு நூல் பெயரை எழுதியிருக்கிறீர்கள். அடித்ததை அடிக்காமல் விடுங்கள். அது உங்கள் ஊரைத் தவிர வேறெங்கும் கிடைக்காத சரக்கு.

நான்காவது பக்கத்தில் ஒரு வரி: 'இந்த வருஷம் பாம்புத்தாரா ஒன்றே ஒன்றுதான் வந்தது, அதுவும் நொண்டியது.' வருடம் மட்டும் போட்டிருக்கிறீர்கள். அது எந்த மாதம், கண்மாயில் அப்போது தண்ணீர் எவ்வளவு கிடந்தது, நொண்டியது எந்தக் கால், எத்தனை நாள் இருந்தது? நோட்டில் தேதி இருந்தால் எழுதுங்கள். இல்லாவிட்டால் துவைக்கிற கல் பக்கம் போய்க் கேட்டுப் பாருங்கள், அவர்களில் யாருக்காவது நினைவிருக்கும்.